யாரும் யாருக்கும் முதலாளி இல்லாத இடத்தில் கால அட்டவணை: திறமூலத் திட்டங்களை நடத்த ஒரு முழு வழிகாட்டி

அலுவலகத்தில் மேலாளர் வெள்ளிக்கிழமை மாலை வந்து "இது திங்கட்கிழமை வேணும்" என்றால், முணுமுணுத்துக்கொண்டாவது யாராவது உட்கார்ந்து முடித்துவிடுவார்கள். யாரும் படிக்கவும் மாற்றவும் நிரலைத் திறந்துவைத்திருக்கும் திறமூல மென்பொருள் சமூகம் ஒன்றில் அதே வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள், பதிலே வராது. ஒருவருக்கு செமஸ்டர் பரீட்சை, இன்னொருவர் வீட்டில் கைக்குழந்தை, மூன்றாமவரை அவருடைய கம்பெனி வேறு வேலைக்கு மாற்றிவிட்டது. இவர்களில் யாரையும் நீங்கள் அதட்ட முடியாது. அதட்டினால் போய்விடுவார்கள், அவ்வளவுதான்.

ஆனாலும் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னல் 9 அல்லது 10 வாரத்துக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கிறது. பைத்தான் நிரல்மொழியின் புதிய பதிப்பு ஒவ்வொரு அக்டோபரிலும் வருகிறது. லினக்ஸ் அடிப்படையிலான இயங்குதளமான உபுண்டு ஏப்ரலிலும் அக்டோபரிலும் வருகிறது. இவற்றின் அட்டவணைகளைத் திறந்து பார்த்தால், "இன்னார் இன்ன தேதிக்குள் இதை முடிக்க வேண்டும்" என்று எங்கும் இருக்காது. புதிய அம்சங்களை எந்தத் தேதிவரை வாங்கிக்கொள்வோம், எப்போது சோதனைப் பதிப்பு, எப்போது வெளியீடு என்பது மட்டும்தான் இருக்கும். அதற்குள் வந்தது உள்ளே, வராதது அடுத்த முறை. இந்த ஒரு ஏற்பாட்டை ஐந்து பேர் முதல் ஐம்பது பேர் வரை இருக்கும் ஒரு திட்டத்தில் எப்படிக் கொண்டுவருவது என்று பார்ப்போம்.

படி 1: கையில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்

திட்டத்தின் அறிமுகக் குறிப்பான ரீட்மீ கோப்பில் இருக்கும் பெயர்ப் பட்டியலை நம்ப வேண்டாம். அதில் பாதிப் பேர் எப்போதோ போயிருப்பார்கள். நிரலின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கிட் கருவியில், யார் எத்தனை மாற்றம் செய்தார் என்று காட்டும் ஷார்ட்லாக் கட்டளையைக் கடந்த ஆறு மாதத்துக்கு மட்டும் ஓட்டிப் பாருங்கள், நிஜம் தெரியும். ஆனால் அதுவும் பாதிக் கதைதான். பிறர் எழுதிய நிரலைப் படித்துக் கருத்துச் சொல்பவர், பக் (பிழை) அறிக்கைகளுக்குப் பொறுமையாகப் பதில் எழுதுபவர், மன்றத்தில் புதியவர்களின் கேள்விகளைச் சமாளிப்பவர் ஆகியோர் இந்த கமிட் (பதிவான நிரல் மாற்றம்) கணக்கில் வரமாட்டார்கள். அவர்களையும் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். "வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தருவீர்கள்?" என்று கேட்டால் எல்லோரும் தங்கள் ஆசையைத்தான் சொல்வார்கள். "அடுத்த ஆறு மாதத்தில் எந்தெந்த வாரங்கள் உங்களால் முடியவே முடியாது?" என்று கேட்டால் உண்மையான பதில் வரும். தேர்வு, திருமணம், இடமாற்றம், அலுவலகத்தில் நெருக்கடி எல்லாம் ஓரளவு முன்பே தெரிந்த விஷயங்கள்தானே. சம்பளம் வாங்கிக்கொண்டு பங்களிப்பவர்களிடமும் இதைக் கேட்க வேண்டும். அவர்களுடைய கம்பெனிக்கு என்று தனி அட்டவணை ஒன்று இருக்கும், அது உங்கள் அட்டவணையோடு மோதும்போது எது ஜெயிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

படி 2: முடிவு எடுப்பது யார் என்று எழுதிவையுங்கள்

பக்கம் பக்கமாக வேண்டாம், பத்து வரி போதும். சாதாரண மாற்றத்துக்கு எத்தனை பேர் ஒப்புதல் தர வேண்டும், கருத்து வேறுபாடு வந்தால் யார் தீர்ப்பது, வெளியீட்டை நிறுத்திவைக்கும் அதிகாரம் யாருக்கு. இவை எழுத்தில் இல்லாவிட்டால் அட்டவணையில் போடும் எந்தத் தேதிக்கும் அர்த்தம் இல்லை, ஏனென்றால் கடைசி வாரத்தில் யாராவது ஒருவர் "எனக்கு இதில் உடன்பாடு இல்லை" என்று சொன்னால் எல்லாம் நின்றுவிடும்.

பல திறமூலத் திட்டங்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டங்களில் இருக்கும் ஒரு வழக்கத்தை நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். ஒரு யோசனையை எழுத்தில் வைத்துவிட்டு குறைந்தது 72 மணி நேரம் காத்திருப்பார்கள். யாரும் காரணத்தோடு எதிர்க்கவில்லை என்றால் சம்மதம் என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடலாம். 72 மணி நேரம் என்பது உலகின் எந்த மூலையில் இருப்பவருக்கும், வார இறுதி குறுக்கே வந்தாலும், ஒருமுறையாவது படித்துப் பார்க்கப் போதுமான நேரம். வெளியீட்டுக்கு மட்டும் அங்கே வாக்கெடுப்பு உண்டு. பொறுப்புக் குழுவில் குறைந்தது மூன்று பேர் ஆதரவு தர வேண்டும், எதிர்ப்பைவிட ஆதரவு அதிகமாக இருக்க வேண்டும். தனி ஒருவர் வெளியீட்டை ரத்து செய்ய முடியாது என்பதைக் கவனியுங்கள்.

திட்டத்தைத் தொடங்கியவரே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் முறையும் நடைமுறையில் உண்டு, சிறிய திட்டங்களுக்கு அது தப்பில்லை. பைத்தானில், அதைத் தொடங்கிய குவிடோ வான் ராசம் 2018 ஜூலையில் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். 2019இல் ஐந்து பேர் கொண்ட வழிநடத்தும் குழு தேர்ந்தெடுக்கப்பட்டது. இடையில் மாதக்கணக்கில், "இனி முடிவு எடுப்பது எப்படி?" என்பதே அந்தச் சமூகத்தின் பெரிய விவாதமாக இருந்தது. அத்தனை பெரிய சமூகம் தாங்கிக்கொண்டது. உங்கள் எட்டுப் பேர் குழு அதைத் தாங்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

படி 3: தேதியைப் பிடிப்பதா, அம்சங்களைப் பிடிப்பதா

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

"இந்தப் பத்து அம்சங்களும் முடிந்ததும் வெளியிடுவோம்" என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். லினக்ஸ் கெர்னலும் அப்படித்தான் இருந்தது. 2.4 பதிப்பு 2001 ஜனவரியில் வந்தது. அடுத்த நிலையான பதிப்பான 2.6 வர 2003 டிசம்பர் ஆகிவிட்டது. கெர்னலை மற்ற மென்பொருளோடு சேர்த்து வெளியிடும் விநியோக நிறுவனங்கள் அதுவரை பொறுக்க முடியாமல் புதிய நிரலைத் தாங்களே பிய்த்தெடுத்துப் பழைய 2.4இல் ஒட்டவைத்துக்கொண்டன. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் உட்டி பதிப்பு 2002 ஜூலையில் வந்தது, அடுத்த பதிப்பான சார்ஜ் வந்தது 2005 ஜூனில். அங்கேயும் கிட்டத்தட்ட மூன்று வருடம்.

ஏன் இப்படி ஆகிறது? அடுத்த வெளியீடு எப்போது என்று தெரியாதபோது, பங்களிப்பவர் ஒவ்வொருவரும் "இந்த முறை விட்டால் இன்னும் இரண்டு வருடம்" என்று பயப்படுகிறார். அரைகுறையாக இருந்தாலும் தன் அம்சத்தை உள்ளே தள்ளிவிடப் பார்க்கிறார். அது புதிய பக்குகளைக் கொண்டுவருகிறது, வெளியீடு மேலும் தள்ளிப்போகிறது, தள்ளிப்போனதால் இன்னும் நான்கு பேர் தங்கள் வேலையையும் உள்ளே கொண்டுவருகிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. ஒவ்வொருவரும் தன் பங்குக்கு நியாயமாகத்தான் நடந்துகொள்கிறார்.

க்னோம் டெஸ்க்டாப் சமூகம் 2002இல் 2.0 பதிப்புக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு என்று மாறியது. 2004 அக்டோபரில் முதல் பதிப்பை வெளியிட்ட உபுண்டுவும் அதே ஆறு மாதச் சுழற்சியை எடுத்துக்கொண்டது. கெர்னல் 2005இலிருந்து, புதிய அம்சங்களை இரண்டு வாரம் மட்டும் வாங்கிக்கொண்டு மீதி வாரங்களைப் பக் திருத்தத்துக்கே விடும் முறைக்கு வந்தது. அடுத்த வாய்ப்பு இரண்டு மாதத்தில் வரும் என்று தெரிந்தவருக்கு இந்த முறை விட்டுப்போனால் பெரிய வருத்தம் இல்லை. பதற்றம் குறைந்தாலே பக்குகளும் குறையும்.

டெபியன் சாமர்த்தியமாக நடுவழி ஒன்றைப் பிடித்தது. வெளியீட்டுத் தேதியைக் கடைசிவரை சொல்வதில்லை, ஆனால் புதிய மாற்றங்களை நிறுத்தும் ஃப்ரீஸ் எனும் கதவடைப்புத் தேதிகளை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். 2023இல் வந்த புக்வோர்ம் பதிப்புக்கு ஜனவரி 12, பிப்ரவரி 12, மார்ச் 12 என்று மூன்று கட்டமாக ஃப்ரீஸ் இறுகியது, மே 24இல் முழு ஃப்ரீஸ், ஜூன் 10இல் வெளியீடு. தரத்தில் துளியும் சமரசம் செய்ய முடியாத திட்டம் என்றால் இந்த மாதிரி பொருந்தும்.

எவ்வளவு இடைவெளி வைப்பது? உங்கள் பயனர்கள் எவ்வளவு அடிக்கடி மேம்படுத்தத் தயாராக இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பல கணினிகளில் மென்பொருளை இயக்கி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் வருடத்துக்கு நான்கு என்று வெளியிட்டுக்கொண்டிருந்துவிட்டு 2021இல் மூன்றாகக் குறைத்தது, நிறுவனங்களாலும் வெளியீட்டுக் குழுவாலும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ரஸ்ட் மொழியோ 2015இல் 1.0 வந்ததிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒன்று. அங்கே தானியங்கிச் சோதனைகள் அந்த அளவுக்கு இருக்கின்றன. தன்னார்வலர்களை நம்பி நடக்கும் சிறிய திட்டத்துக்கு நான்கு மாதம் சரியாக இருக்கும் என்பது என் கணிப்பு. ஆறு மாதம் என்றால் முதல் நான்கு மாதம் யாரும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

படி 4: வெளியீட்டு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

16 வாரச் சுற்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலில் 16ஆம் வாரத்தில் வெளியீட்டு நாளைக் குறியுங்கள். கம்பெனி வழக்கப்படி செவ்வாய், புதன் என்று வைக்கத் தோன்றும், ஏதாவது உடைந்தால் சரிசெய்ய வேலைநாள் இருக்கிறதே என்று. தன்னார்வத் திட்டத்தில் கணக்கு தலைகீழ். ஆட்கள் கையில் இருப்பதே சனி, ஞாயிறில்தான். கெர்னல் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறது. டெபியனின் சமீபத்திய பதிப்புகள் எல்லாம் சனிக்கிழமைகளில் வந்தவை.

அங்கிருந்து பின்னால் வாருங்கள். 14ஆம் வாரம் வெளியீட்டு வேட்பாளர் பதிப்பு, அதாவது எல்லோரும் ஆர்.சி. என்று சொல்வது. பயனர்கள் சோதித்துப் பார்க்க அதற்குப் பிறகு இரண்டு வார இறுதிகளாவது வேண்டும். 12ஆம் வாரம் ஸ்ட்ரிங் ஃப்ரீஸ். 10ஆம் வாரம் ஃபீச்சர் ஃப்ரீஸ் (இனி புதிய அம்சம் கிடையாது), அன்றே முதல் பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு. 8ஆம் வாரம் பெரிய புல் ரிக்வெஸ்ட்டுகளுக்கு, அதாவது எழுதிய மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கைகளுக்கு, கடைசி வாரம். இந்த 8ஆம் வாரக் கெடுவைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் ஃபீச்சர் ஃப்ரீஸுக்கு முந்தைய இரவு மூவாயிரம் வரி நிரலோடு ஒருவர் வந்து நிற்பார், அதைப் படித்துப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது.

ஸ்ட்ரிங் ஃப்ரீஸ் பற்றித் தமிழில் எழுதும்போது கொஞ்சம் நின்று சொல்லத்தான் வேண்டும். மெனு, பொத்தான், எச்சரிக்கைச் செய்தி என்று திரையில் தெரியும் எந்த வாசகத்தையும் இந்தத் தேதிக்குப் பிறகு மாற்றக் கூடாது என்பதுதான் அது. க்னோமின் டேம்ண்ட் லைஸ், மொசில்லாவின் பொன்டூன், லிப்ரேஆபிஸ் பயன்படுத்தும் வெப்லேட் போன்ற தளங்களில் மொழிபெயர்ப்பவர்கள் இந்த இடைவெளியை நம்பித்தான் வேலை செய்கிறார்கள். ஆங்கில வாசகத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும் பழைய மொழிபெயர்ப்பு 'சரிபார்க்க வேண்டியது' என்று ஒதுங்கிவிடும். பிறகு முழுக்கத் தமிழில் இருக்கும் ஒரு மெனுவின் நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் ஆங்கிலத்தில் பல்லிளிக்கும். ஜெர்மன், பிரெஞ்சுக் குழுக்களில் ஆள் அதிகம், இரண்டே நாளில் சரிசெய்துவிடுவார்கள். இரண்டு மூன்று பேர் வார இறுதியில் உட்கார்ந்து செய்யும் மொழிக்கு நான்கு வாரம் வேண்டும். தவிர்க்கவே முடியாமல் ஒரு வாசகத்தை மாற்ற வேண்டியிருந்தால், மொழிபெயர்ப்புக் குழுவிடம் முதலில் கேளுங்கள். க்னோமில் அப்படி அனுமதி கேட்பது விதி.

ஃப்ரீஸ் காலத்தில் முதன்மைக் கிளையை (எல்லோரும் மாற்றங்களைச் சேர்க்கும் நிரல் பிரதியை) மூடிவைப்பதா, அல்லது வெளியீட்டுக்குத் தனிக் கிளை பிரித்துவிட்டு முதன்மைக் கிளையில் அடுத்த பதிப்பைத் தொடங்குவதா? பைத்தான் முதல் பீட்டா அன்றே கிளை பிரித்துவிடும். அவர்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள். சிறிய குழுவில் கிளை பிரித்த நிமிடமே எல்லோரும் புதிய அம்சத்தின் பின்னால் போய்விடுவார்கள், பக் திருத்த ஆள் இருக்காது. ஆகவே ஆர்.சி. வரும்வரையாவது மூடியே வையுங்கள். கொஞ்சம் முணுமுணுப்பு இருக்கும், பரவாயில்லை.

கடைசியாக, பங்களிப்பவர்கள் இருக்கும் நாடுகளின் நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசி வாரம், சீனப் புத்தாண்டு, ஐரோப்பாவின் ஆகஸ்ட் விடுமுறை, பொங்கல், தீபாவளி ஆகியவற்றில் எந்தக் கெடுவும் விழக் கூடாது.

படி 5: இஷ்யூ பட்டியலை மனிதர் படிக்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள்

800 இஷ்யூ (பக், கோரிக்கைப் பதிவுகள்) திறந்து கிடக்கும் திட்டத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. வாரம் ஒருமுறை ஒருவர், முறை வைத்து, புதிதாக வந்தவற்றை மட்டும் பார்த்தால் போதும். மறுபடி செய்து காட்ட முடிகிறதா, ஏற்கெனவே வந்ததா, எந்தப் பகுதியைச் சேர்ந்தது. லேபிள்கள் பத்துக்கு மேல் வேண்டாம். அதில் ஒன்று 'வெளியீட்டைத் தடுப்பது' என்று இருக்கட்டும், அதை ஒட்டும் உரிமை இரண்டு மூன்று பேருக்கு மட்டும்.

மைல்ஸ்டோன் (ஒரு பதிப்புக்கான வேலைப் பட்டியல்) என்ற பெயரில் ஆசைப்படும் எல்லாவற்றையும் அடுத்த பதிப்பில் போட்டுவைப்பது வீண். யாராவது ஒருவர் பெயர் போட்டு எடுத்துக்கொண்ட வேலை மட்டும் மைல்ஸ்டோனுக்குள் வரட்டும். மற்றவை பொதுப் பட்டியலில் கிடக்கட்டும்.

பெயர் போட்டு எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது போல, "நான் செய்கிறேன்" என்று எழுதிவிட்டுக் காணாமல் போவார்கள். வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள், இடம் பிடித்தவரும் வந்து உட்காரமாட்டார். இதற்கு ஒரே மருந்து காலக்கெடு. மூன்று வாரம் எந்த அசைவும் இல்லை என்றால், "நலமா? நேரம் கிடைக்கவில்லை என்றால் வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று ஒரு செய்தி. ஒரு வாரத்தில் பதில் இல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுங்கள். இந்த விதி பங்களிப்பு வழிகாட்டியில் முன்பே எழுதியிருந்தால் யாருக்கும் மனவருத்தம் வராது. மூத்தவர்களுக்கும் இதே விதிதான். அவர்கள் போட்ட துண்டுதான் பல நேரம் வருடக்கணக்கில் கிடக்கும்.

புதியவர்களுக்கென்று ஒதுக்கும் எளிய வேலைகளில், எந்தக் கோப்பில் மாற்ற வேண்டும், எப்படிச் சோதிப்பது என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். அவசரமான எதையும் அந்தப் பட்டியலில் வைக்காதீர்கள்.

படி 6: ரிவ்யூதான் உண்மையான கெடு

நிரல் எழுத எப்போதும் ஆள் கிடைப்பார்கள். அதைப் படித்துச் சரிபார்க்கத்தான் கிடைக்கமாட்டார்கள். ஒரு திட்டம் எவ்வளவு வேகமாகப் போக முடியும் என்பதை ரிவ்யூ செய்பவர்களின் எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது. ஆனால் பெரும்பாலான அட்டவணைகளில் ரிவ்யூவுக்கு ஒரு நாள்கூட ஒதுக்கியிருக்காது.

இதற்கு நான் பார்த்தவற்றில் நல்ல ஏற்பாடு போஸ்ட்கிரெஸ்குவெல் என்ற தரவுத்தள மென்பொருளுடையது. கமிட்ஃபெஸ்ட் என்று பெயர். ஜூலை, செப்டம்பர், நவம்பர், ஜனவரி, மார்ச் என வருடத்தில் ஐந்து மாதங்களை, குவிந்து கிடக்கும் பேட்ச்களை (அனுப்பப்பட்ட நிரல் மாற்றங்களை) படித்துத் தீர்ப்பதற்கு ஒதுக்கிவிடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மேலாளர் இருப்பார். எந்த பேட்ச் யாருக்காகக் காத்திருக்கிறது என்று பார்த்து நினைவூட்டுவதுதான் அவர் வேலை. மாத முடிவில் ஒவ்வொரு பேட்ச்சும் சேர்க்கப்பட்டிருக்கும், அல்லது திருப்பி அனுப்பப்பட்டிருக்கும், அல்லது அடுத்ததற்குத் தள்ளப்பட்டிருக்கும். மார்ச் கமிட்ஃபெஸ்ட்டுக்குப் பின் ஏப்ரலில் ஃபீச்சர் ஃப்ரீஸ், இலையுதிர் காலத்தில் வெளியீடு. அங்கே இன்னொரு எதிர்பார்ப்பும் உண்டு: ஒரு பேட்ச் அனுப்பினால், அதே அளவு சிக்கலான வேறொருவரின் பேட்ச் ஒன்றை நீங்கள் ரிவ்யூ செய்ய வேண்டும்.

சிறிய திட்டத்தில் இதை ஐந்து மாதம் செய்ய வேண்டியதில்லை. 16 வாரச் சுற்றில் 4ஆம் வாரம், 9ஆம் வாரம் என்று இரண்டு வாரங்களை ரிவ்யூ வாரமாக அறிவியுங்கள். அந்த வாரத்தில் புதிய நிரல் எழுதுவது நிறுத்தம், இருப்பதைப் படிப்பது மட்டும். "என் பேட்ச்சை யாரும் பார்க்கவே இல்லை" என்று வெறுத்துப்போய்ப் புதியவர்கள் கிளம்புவது இதனால் வெகுவாகக் குறையும். முதல்முறை பங்களிப்பவருக்கு மூன்று நாளுக்குள் ஒரு பதில், "பார்த்தோம், ரிவ்யூ வாரத்தில் எடுத்துக்கொள்கிறோம்" என்றாவது, போக வேண்டும். சேர்த்துக்கொள்ள முடியாது என்றால் அதையும் சீக்கிரம் சொல்லிவிடுங்கள். எட்டு மாதம் தொங்கவிட்டு மறுப்பதுதான் அவமரியாதை.

படி 7: கூட்டங்களும் கடிகாரமும்

நேரலைக் கூட்டம் மாதம் ஒன்று அல்லது இரண்டு போதும், 45 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கூட்டத்தில் பேசலாம், முடிவு எழுத்தில்தான் எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர் மறுநாள் எழுந்து படித்துத் தன் கருத்தைச் சொல்ல வழி இருக்க வேண்டும்.

நேரத்தை எப்போதும் யு.டி.சி. எனும் உலகப் பொது நேரத்தில் எழுதுங்கள். 15:00 யு.டி.சி. என்றால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இரவு 8:30, சிங்கப்பூரில் இரவு 11 மணி, கோடையில் பெர்லினில் மாலை 5 மணி, கலிஃபோர்னியாவில் காலை 8 மணி. "நியூயார்க் நேரம் காலை 11" என்று நிர்ணயித்தால், நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றும்போது நம்முடைய 8:30 திடீரென்று 9:30 ஆகிவிடும். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறிலும் ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறிலும் மாற்றுவதால், நடுவில் இரண்டு மூன்று வாரம் யாருக்கு எப்போது கூட்டம் என்றே புரியாது. அந்த வாரங்களில் கூட்டமே வைக்காமல் விட்டுவிடுவது உத்தமம்.

கெடு நேரத்துக்கு 'பூமியில் எங்காவது' என்ற முறை நல்லது. யு.டி.சி.க்கு 12 மணி நேரம் பின்தங்கிய மண்டலத்தில் அந்த நாள் முடியும்வரை கெடு நீளும். ஞாயிறு கெடு என்றால் இந்திய, இலங்கை நேரப்படி திங்கள் மாலை 5:30 வரை அனுப்பலாம். "எங்கள் ஊரில் இன்னும் ஞாயிறுதான்" என்ற வாக்குவாதத்துக்கு இடமே இல்லை.

படி 8: வெளியீட்டுக்கு ஒரு பொறுப்பாளர், அவர் பக்கத்தில் ஒரு நிழல்

ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருவர் பொறுப்பாளர். அவர் மிகச் சிறந்த நிரலாளராக இருக்க வேண்டியதில்லை. பட்டியலைப் பார்ப்பது, நினைவூட்டுவது, வாரம் ஒருமுறை நிலவரத்தை ஐந்து வரியில் எழுதுவது, தேவைப்பட்டால் "முடியாது" என்று சிரித்த முகத்தோடு சொல்வது, இவை தெரிந்தால் போதும். பைத்தானில் ஒருவர் இரண்டு பதிப்புகளுக்குப் பொறுப்பாளராக இருந்துவிட்டு அடுத்தவரிடம் கொடுப்பார். குபர்நெட்டிஸ் வெளியீட்டுக் குழுவில் ஒவ்வொரு பொறுப்புக்கும் 'நிழல்' என்று சிலர் கூடவே இருந்து கற்றுக்கொள்வார்கள், அடுத்தடுத்த சுற்றுகளின் பொறுப்பாளர்கள் பெரும்பாலும் அவர்களிலிருந்துதான் வருவார்கள். இந்த நிழல் ஏற்பாட்டுக்குச் செலவே இல்லை. பொறுப்பாளருக்குக் காய்ச்சல் வந்தாலும் வெளியீடு நிற்காது.

அவர் செய்யும் ஒவ்வொரு வேலையையும், நிரலில் பதிப்பு எண்ணைக் குறிக்கும் டேக் போடுவது, டிஜிட்டல் கையெழுத்திடுவது, தளத்தில் ஏற்றுவது, அறிவிப்பு எழுதுவது வரை, ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவைக்கச் சொல்லுங்கள். நிழலாக இருப்பவர் அடுத்த முறை அதைப் பார்த்துச் செய்து, விட்டுப்போனதைச் சேர்ப்பார்.

படி 9: தாமதம் வரும்போது

வரும். முதல் விதி: அம்சம் தாமதமானால் அம்சத்தை எடுங்கள், தேதியைத் தொடாதீர்கள். இது முடிய வேண்டுமானால் எடுப்பது சுலபமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பெரிய அம்சமும் தனி கமிட் தொடராகவோ, அணைத்துவைக்கக்கூடிய அமைப்பாகவோ உள்ளே வர வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

பைத்தான் 3.13இல் நடந்தது நல்ல பாடம். படிப்படியாகக் குப்பை சேகரிக்கும், அதாவது இனித் தேவைப்படாத நினைவகத்தை விடுவிக்கும், புதிய முறை ஒன்று உள்ளே வந்து பீட்டாவெல்லாம் தாண்டிவிட்டது. 2024 அக்டோபர் 1 வெளியீட்டு நாள். கடைசி நேரத்தில் சில நிரல்கள் அதனால் மெதுவாகின்றன என்று தெரியவந்தது. அவசர அவசரமாகச் சரிசெய்து பார்க்கவில்லை. அந்த மாற்றத்தை முழுவதுமாகப் பின்வாங்கி, அன்றைக்கு மூன்றாவது ஆர்.சி.யை விட்டு, அக்டோபர் 7இல் இறுதிப் பதிப்பை வெளியிட்டார்கள். தாமதம் ஆறே நாள்.

தேதியைத் தள்ளிவைக்கத் தகுந்த காரணங்கள் மூன்றுதான் என்பது என் கட்சி: பயனரின் தரவு அழிவது, பாதுகாப்பு ஓட்டை, முந்தைய பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது இதில் உடைவது. தள்ளும்போது "விரைவில்" என்று எழுதாதீர்கள், புதிய தேதி போடுங்கள். கெர்னலில் 7ஆம் ஆர்.சி. திருப்தியாக இல்லை என்றால் 8ஆவது ஒன்று, அதாவது சரியாக ஒரு வாரம் கூடுதல், எல்லோருக்கும் முன்பே தெரிந்த அளவு. உபுண்டு 2006 ஏப்ரலில் வர வேண்டியதை ஜூனுக்குத் தள்ளியபோது, நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்பதால் மெருகேற்ற ஆறு வாரம் என்று காரணத்தையும் அளவையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள், பதிப்பு எண்ணும் 6.06 ஆனது.

தாமதத்தைச் சமாளிக்கக் கடைசி நேரத்தில் புதிய ஆட்களைக் கூப்பிடுவது மட்டும் வேண்டாம். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார வேண்டியவர், உள்ளே வேலையை முடித்துக்கொண்டிருக்கும் அதே ஆள்தான்.

கருவிகள்

நிரலைச் சேமித்துப் பகிரும் தளங்களான கிட்ஹப், கிட்லேப் இரண்டிலும் இருக்கும் மைல்ஸ்டோனும் பலகையும் பெரும்பாலோருக்குப் போதும். கருவியும் திறமூலமாக இருக்க வேண்டும் என்றால் டைகா, கான்போர்டு, ஓப்பன்புராஜெக்ட், ரெட்மைன் இருக்கின்றன. வேலையை மணிக்கணக்கில் மதிப்பிடுவது, எரிந்து குறையும் வரைபடம் (மீதி வேலை குறைவதைக் காட்டுவது) போடுவது போன்ற அலுவலகப் பழக்கங்களை இங்கே கொண்டுவராதீர்கள், வாரத்துக்கு வாரம் ஆள் எண்ணிக்கையே மாறும் இடத்தில் அந்த எண்களுக்குப் பொருள் இல்லை. நிரல் இருக்கும் களஞ்சியத்துக்குள்ளேயே ஓர் அட்டவணைக் கோப்பு, தேதி மாறினால் அதற்கும் ஒரு கமிட். யார் எப்போது ஏன் மாற்றினார் என்ற வரலாறு தானாக வந்துவிடும்.

படி 10: ஆட்கள் களைத்துப்போவதற்கும் இடம் விடுங்கள்

எக்ஸ்இசட் யுடில்ஸ் கதையைப் பாதுகாப்புப் பிரச்சினையாகத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதில் அட்டவணைப் பிரச்சினையும் இருக்கிறது. கிட்டத்தட்ட எல்லா லினக்ஸ் கணினியிலும் இருக்கும் கோப்புகளைச் சுருக்கும் ஒரு கருவி அது, தனி ஒருவர் ஓய்வு நேரத்தில் பராமரித்து வந்தார். 2022இல் முன்பின் தெரியாத சில கணக்குகளிலிருந்து, பேட்ச் சேர்க்க ஏன் இவ்வளவு நாள், திட்டத்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிடக் கூடாதா என்று அவருக்கு நெருக்கடி வந்தது. உதவிக்கு வந்து நம்பிக்கையைச் சம்பாதித்த ஒருவர் இணைப் பராமரிப்பாளர் ஆனார். 2024 தொடக்கத்தில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அவர் நுழைத்த கள்ளக்கதவு, அதாவது ரகசியமாகக் கணினிக்குள் நுழையும் வழி, இருந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, 2024 மார்ச் 29இல் அதை வெளிக்கொண்டுவந்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற போஸ்ட்கிரெஸ்குவெல் உருவாக்குநர்.

"எப்போது வரும்?" என்று யாராவது கோபமாகக் கேட்டால், பராமரிப்பவர் தனியாக அதைத் தாங்கும் நிலை இருக்கக் கூடாது. அட்டவணைக் கோப்பின் இணைப்பைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும்படி இருக்க வேண்டும். வெளியீட்டு உரிமை குறைந்தது இரண்டு பேரிடம், ஒருவரையொருவர் நன்கு அறிந்தவர்களிடம், இருக்கட்டும். மூன்று மாதம் ஓய்வு என்று எவரும் விளக்கம் இல்லாமல் அறிவிக்கலாம் என்று எழுதிவையுங்கள். ஒரு வருடமாக அசைவில்லாத கணக்குகளின் கமிட் உரிமையை மரியாதையாக நிறுத்திவைத்து, பெயரை முன்னாள் பராமரிப்பாளர் பட்டியலுக்கு மாற்றுங்கள். திரும்பி வந்தால் திரும்பக் கொடுக்கலாம்.

வெளியீடு முடிந்த வாரம்

பங்களித்த எல்லோர் பெயரையும், மொழிபெயர்த்தவர், பக் சொன்னவர் உட்பட, வெளியீட்டுக் குறிப்பில் போடுங்கள். எந்தக் கெடு நெருக்கடியாக இருந்தது, எது தேவையற்றது என்று ஒரு வாரம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். அடுத்த சுற்றில் ஒன்றிரண்டு மாற்றம் செய்தால் போதும்.

அப்புறம், இந்தப் பதிப்புக்கு ஆதரவு எந்தத் தேதியில் முடியும் என்பதை வெளியீட்டு அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். பைத்தானும் போஸ்ட்கிரெஸ்குவெலும் ஒவ்வொரு பதிப்புக்கும் ஐந்து வருடம் தருகின்றன. உங்களால் முடிந்தது இப்போதைய பதிப்பு, அதற்கு முந்தையது என்று இரண்டே இரண்டாக இருக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மூன்றாவது பழைய பதிப்பில் பக் என்று வருபவரிடம் மேம்படுத்தச் சொல்லலாம், பேட்ச் அனுப்பினால் சேர்த்துக்கொள்கிறோம் என்றும் சொல்லலாம். அடுத்த சுற்றின் 8, 10, 12, 14, 16ஆம் வாரத் தேதிகளும் அதே அறிவிப்பின் அடியில் இருக்கட்டும்.